இசைஞானி இளையராஜா



எங்க தாத்தா கல்வராயன் மலைத் திருவிழாவுல பம்பை அடிப்பார். யாராவது கேட்டா, "விவசாயம் பண்றார்"னு மட்டும் சொல்வேன். பம்பைன்னு சொல்ல எனக்கு வெட்கம். இளையராஜாவைப் பற்றிப் படித்த பிறகு அந்த வெட்கம் போய்விட்டது.

இளையராஜா 1943-ல் பிறந்தார். ஊர், இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம். 14 வயதில், அதாவது இப்போ என் வயசுல, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பிறகு சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் கற்றார்.

1976-ல் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது. கிராமத்து மெட்டோடு மேற்கத்திய வாத்தியங்களைச் சேர்த்தார். பட்டிதொட்டி எல்லாம் பாட்டு ஒலித்தது! 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதை நம்ம தியாகராஜருக்கும் ஜெர்மனி இசைமேதை பாக் என்பவருக்கும் காணிக்கையாக்கினார். 2005-ல் திருவாசகத்துக்கு இசையமைத்தார்.

சிம்பொனி என்பது பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைப்படைப்பு. யார் எப்போ எதை வாசிக்கணும்னு முன்னாடியே தாளில் எழுதித் தரணும். அவர் எழுதிய 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8-ல் லண்டனில் அரங்கேறியது.

தோழிகளே, அவர் புதுசு புதுசா கத்துக்கிட்டார். ஆனா ஊர்ப் பாட்டை விடலை. இப்போ யாராவது கேட்டா, "எங்க தாத்தா பம்பைக்காரர்"னு சத்தமாவே சொல்றேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி