கணக்குக் கோப்பின் கதவைத் திறந்தது யார்?

எங்கள் வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு முழுவதும் ஒரு பழைய கணினியில்தான் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தது. அனுமதி இல்லை என்று ஓர் அறிவித்தல் வந்தது. திருத்த வந்தவர் கறுப்புத் திரையொன்றில் ஒரேயொரு வரியைத் தட்டினார். மென்பொருள் திறந்துகொண்டது. வாப்பா தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்த வரி என்ன செய்தது என்பது எனக்கு விளங்கியது.

கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வின்டோஸ் கணினியில் கோப்புறையை வலது பக்கமாகச் சொடுக்கி, 'புரொப்பர்டீஸ்' சென்று, 'செக்கியூரிட்டி' என்ற பகுதியைத் திறந்தால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். கடைக் கணினியில் நான் அதைத் திறந்தபோது 'எவ்ரிவன்' என்ற பெயருக்கு எதிரே முழு அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, அந்தக் கணினிக்குள் எந்தப் பெயரில் நுழைபவரும் எங்கள் கடன் கணக்கை மாற்றலாம், அழிக்கலாம். பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

அவர் தட்டிய வரியைப் போன்ற ஒன்றுக்கு உலக வரலாற்றிலும் இடமுண்டு. 2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய 'வன்னாக்ரை' என்ற தீம்பொருள் 150இற்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் பிட்கொயினாகக் கேட்டது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் நோயாளர்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்தத் தீம்பொருள் கணினிக்குள் நுழைந்ததும் தான் இருந்த கோப்புறையை மறைத்தது. பின்னர் 'ஐகேக்ல்ஸ்' என்ற கட்டளையால் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தது. அந்தக் கட்டளையின் வாலில் மூன்று எழுத்துகள் இருந்தன: உள்ளேயுள்ள எல்லாவற்றுக்கும் செய், பிழை வந்தாலும் நிற்காதே, செய்து முடித்ததைச் சொல்லாதே. கடைசி எழுத்தை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

'ஐகேக்ல்ஸ்' மைக்ரோசொப்ட் நிறுவனமே வின்டோஸுடன் தரும் சாதாரண கருவி. அதனால் வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைக் கண்டவுடன் பிடித்து அடைக்க முடியாது. திருத்துநரும் அதைத்தான் பாவிக்கிறார், தீம்பொருளும் அதைத்தான் பாவிக்கிறது. ஆகவே கட்டளையை மட்டும் பார்த்தால் போதாது. அதை இயக்கியது யார், எந்த நிரல் அதை அழைத்தது, எத்தனை மணிக்கு, அதற்குப் பின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். லினக்ஸிலும் இதே கதைதான். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு அங்கே பொதுவாகத் தானாக இயங்காது. தற்காலிகக் கோப்புறையில் கிடக்கும் ஒன்றுக்கு யாரோ இயங்கும் அனுமதி கொடுத்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இதையெல்லாம் வின்டோஸ் பதிவேட்டில் எழுதி வைக்கும், ஆனால் நாம் சொன்னால்தான் எழுதும். கோப்பின் அனுமதி மாறினால் 4670 என்ற இலக்கத்தில் பதிவு விழும். பழைய அனுமதியும் புதியதும் அதில் இருக்கும். எந்த நிரல் எந்த நிரலைத் தொடங்கியது என்பது 4688 இல் விழும். முழுக் கட்டளை வரியும் வேண்டுமானால் அதற்கு வேறொரு தெரிவையும் இயக்க வேண்டும். எங்கள் ஆசிரியையின் உதவியோடு கடைக் கணினியில் இவற்றை இயக்கினேன். 'எவ்ரிவன்' அனுமதியையும் நீக்கினேன்.

கடந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள் பதிவேட்டைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. முந்தைய இரவு 10.40இற்கு கணக்குக் கோப்புறைக்கு மீண்டும் 'எவ்ரிவன்' வந்திருந்தது. கடை பூட்டியிருந்த நேரம். 'ஐகேக்ல்ஸ்' கட்டளையை அழைத்தது தற்காலிகக் கோப்புறையில் கிடந்த, பெயர் தெரியாத ஒரு நிரல். கணக்கில் கைவைத்தது கடைப் பொடியன்தானோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். அது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தராவீஹ் முடிந்து வந்த நானா, வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றைக் கூட்டாளியின் பென் டிரைவிலிருந்து கடைக் கணினியில் ஏற்றியிருக்கிறார். காசு கொடுத்து வாங்காத பிரதி. "அது சும்மா எடிட்டிங்தானே, தங்கச்சி" என்றார். எடிட்டிங் மென்பொருளுக்கு வாப்பாவின் கடன் கணக்கில் என்ன வேலை என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

அது உண்மையில் தீம்பொருள்தானா என்று நாங்கள் காத்திருந்து பார்க்கவில்லை. இணைய இணைப்பைக் கழற்றினோம். கணக்கின் பிரதி பத்திரமாக இருந்ததால் கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக வின்டோஸ் ஏற்றினோம். அதில் இரண்டு நாள் வியாபாரம் கொப்பியில் எழுதப்பட்டது.

நானாவின் மேல் மட்டும் பிழை சொல்ல முடியாது. அந்தக் கணினியில் எல்லோரும் நிர்வாகி கணக்கில்தான் வேலை செய்தோம். நாம் இயக்கும் நிரல் நமது அதிகாரத்தோடுதான் இயங்கும். நாம் நிர்வாகியாக இருந்தால், அதற்கும் எந்தப் பூட்டையும் மாற்றும் வழி கிடைத்துவிடும். பெற்றோரே, உங்கள் வீட்டுக் கணினியிலும் பிள்ளைகளுக்குச் சாதாரண பயனர் கணக்கொன்றைத் தனியாகத் திறந்து கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

இப்போது வாப்பாவும் சாதாரண கணக்கில்தான் வேலை செய்கிறார். நிர்வாகியின் கடவுச்சொல் எனக்கும் உம்மாவுக்கும் மட்டும் தெரியும். நானா இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். உம்மா இன்னும் கொடுக்கவில்லை.