மாடி அறைக்கு ஏறாத இணையம்

தேவாரத்தை அடுத்த பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், மலைக்கும் நீருக்கும் என்ன நேருமோ என்ற அச்சத்தில் ஜனங்கள் எதிர்த்து நின்றதால் அந்த வேலை நடவாமல் நின்றுபோனதும் இப்பக்கத்தார் அனைவரும் அறிந்த விஷயம். விஞ்ஞானிகள் அந்த மலையை நாடியதற்குக் காரணம், ஆகாயத்திலிருந்து இடைவிடாது பொழியும் மற்றக் கதிர்களையெல்லாம் ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறை தடுத்துவிட, நியூட்ரினோ ஒன்றுமட்டும் அதை ஊடுருவி உள்ளே வந்து சேரும் என்பதே. அதே மலையடிவாரத்து வீடுகளில் இன்று உலவும் வைஃபை அலைக்கோ ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமே பெருந்தடையாக இருக்கிறது.

தேவாரம், கோம்பை, போடி முதலிய ஊர்களில், கீழ்வீட்டில் பெரியவர்களும் சாமான்களும் இடத்தை நிறைத்துக்கொள்ள, பின்னாளில் எடுத்துக் கட்டிய மாடி அறையில்தான் கம்ப்யூட்டருக்கு ஸ்தானம் கிடைக்கிறது. கல்லூரிப் பாடம் படிக்கும் பெண்ணும், பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பையனும், தோட்டக் கணக்கை எழுதிவிட்டு, போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் அன்றைக்கு ஏலக்காய் என்ன விலை போயிற்று என்று பார்க்கும் தகப்பனாரும் அங்கே மாறி மாறி அமர்கிறார்கள். இணையமோ, கேபிள்காரர் கண்ணாடி இழையைக் கொண்டுவந்து இறக்கிய கீழ்க்கூடத்தில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி நின்றுவிடுகிறது. மாடியில் படம் நின்று நின்று வரவே, ஸ்பீடு போதவில்லை என்று எண்ணி மாதக் கட்டணத்தை உயர்த்துகிறார்கள். அது வீண் செலவு. கூடுதல் கட்டணம் வாசல்வரை வரும் வேகத்தைத்தான் கூட்டுமேயன்றி, தளத்தைத் தாண்டும் வலிமையை அலைக்குத் தந்துவிடாது.

வீட்டு வைஃபைக்கு நம் நாட்டில் பயன்படும் அலைவரிசைகள் பெரும்பாலும் இரண்டு: 2005-ல் லைசென்ஸ் இன்றி உபயோகிக்க அனுமதிக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ், 2018-ல் விரிவாகத் திறந்துவிடப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். பின்னது அதில் பாதிக்கும் குறைவு. வேகம் பின்னதற்கு அதிகமானாலும், கான்கிரீட்டுக்குள் சீக்கிரம் தேய்ந்துபோவதும் அதுவே. தளத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரும்புக் கம்பிகள் அலையின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப, கான்கிரீட்டும் அதில் தங்கிய ஈரமும் மற்றொரு பங்கை விழுங்கிவிடுகின்றன. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பரப்பிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கம்பிவலை இல்லாமையால், அலை ஓரளவு எளிதாக மேலேறுவதுண்டு.

ரூட்டர் பெட்டியின் ஆண்டெனாவைப் பற்றிப் பலர் கவனியாத சங்கதி ஒன்று உண்டு. செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாக் குச்சி எல்லாத் திசையிலும் சமமாக அலையை வீசுவதில்லை. குச்சியைச் சுற்றி ஓர் உளுந்து வடையைக் கோத்ததுபோலப் பக்கவாட்டில் பருத்தும், தலைக்கு மேலே வடையின் துளைபோல வெறுமையாகவும் அது பரவுகிறது. மாடி அறை பெட்டிக்கு நேர்மேலே இருந்தால், குச்சிகளில் ஒன்றையேனும் படுக்கைவாட்டில் சாய்த்துவைக்க வேண்டும். பீரோவின் பக்கத்திலிருந்தும் தரையிலிருந்தும் பெட்டியை எடுத்து, மாடிப்படியின் திறப்புக்கு நேரே உயரத்தில் மாட்டவும் வேண்டும். காசு செலவில்லாத பிரயத்தனம் இது. சில வீடுகளுக்கு இதுவே போதும்.

போதாதபோது ரிப்பீட்டர் வாங்கி, அதைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே செருகிவிடுகிறார்கள். திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன, வேகம் மட்டும் வருவதில்லை. அந்த அறைக்கு ஏற்கெனவே மெலிந்து வந்த அலையைத்தானே அந்தச் சாதனம் வாங்கித் திருப்பிச் சொல்கிறது! அதற்குரிய இடம் படிக்கட்டின் நடுத்திருப்பம். அங்கே வைத்தாலும், ஒரே அலைவரிசையில் கேட்டுக் கேட்டுச் சொல்லும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

நிலையான பரிகாரம் கம்பிதான். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட் முறையின் வழியே வந்த லேன் கேபிள், நூறு மீட்டர் வரையில் வேகம் குன்றாமல் செய்தியைக் கொண்டுபோகும். நம் வீட்டு மாடிக்கு இருபது மீட்டரே தாராளம். அதன் தோலை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளிலும் ஒரே அளவாகப் படிந்து, மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதே அந்த முறுக்கின் பிரயோஜனம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் எட்டையும் நிறுத்தி, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், இரு முனையிலும் ஒரேவிதமாக ஜாக்கை அழுத்திப் பொருத்த வேண்டும். எட்டில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டால்கூட, ஆயிரம் மெகாபிட் போக வேண்டிய இடத்தில் நூறோடு நின்றுவிடலாம். கடையில் வாங்குமுன் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் எளிதில் ஒடியக்கூடியது. அதை வாங்க வேண்டாம்.

கேபிளைக் கரண்ட் ஒயர் போகும் அதே குழாய்க்குள் ஒருபோதும் நுழைக்கலாகாது. இரைச்சலைக் காட்டிலும் பெரியது உயிராபத்து. வெளிச்சுவர் வழியே கொண்டுபோவதிலும் நம் பக்கத்துக்கென்று ஓர் அபாயம் உண்டு. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மலைச்சரிவில் விழும் இடி, சமீபத்தில் விழுந்தால்கூட வெளியே ஓடும் செம்புக் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டி, ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒருங்கே கருக்கிவிடக்கூடும். ஆகவே செம்பு வீட்டுக்குள்ளேயே, படிக்கட்டுச் சுவரை ஒட்டிப் போவதே க்ஷேமம். அதற்கு வழியில்லாத வீட்டில், கேபிள்காரரிடம் சொல்லி உலோகம் கலவாத கண்ணாடி இழையையே மாடிக்கு ஏற்றிப் பெட்டியை அங்கே மாட்டச் செய்யலாம். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. மூலைகளில் இழையைச் சுருக்கென்று மடக்காமல், வளைவாக விட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

இவ்வளவு சிரமமும், கட்டும்போது ஒரு குழாய் விடாததால் வந்ததுதான். புது வீடு கட்டுவோரையும், மாடி எடுப்போரையும், அவர்களுக்கு வேலை செய்யும் கொத்தனார்களையும் எலக்ட்ரீஷியன்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்து, கான்கிரீட் கொட்டுமுன், கரண்ட் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, ஓர் அங்குல பிவிசி குழாயைக் கீழ்க்கூடத்திலிருந்து மாடி அறை வரையில் தனியாக விட்டு, அதற்குள் ஓர் இழுப்புக் கம்பியையும் போட்டு, இரு வாயையும் அடைத்து வையுங்கள்.