டிக்கிக்குள் இன்னொரு எரிபொருள்

முகூர்த்த மாதங்களில் பெரிய காஞ்சிபுரம் விடிந்ததுமே வேன்களால் நிறைந்துவிடும். பட்டெடுக்க வரும் குடும்பங்கள், ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் தரிசிக்க வருபவர்கள், இவர்களை ஏற்றிவரும் பழைய ஆம்னிகள், வாடகைக் கார்கள். இவற்றில் பெட்ரோலோடு காஸிலும் ஓடுபவை உண்டு. முறையாகப் பொருத்திய காஸைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் ஏறாத காஸ் கிட்டையும் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த வீட்டுச் சிலிண்டரையும்தான்.

வண்டிக்கென்றே செய்த எல்.பி.ஜி. டேங்கின் வால்வு, கொள்ளளவில் 80 சதவீதம் நிரம்பியதும் காஸை ஏற்க மறுக்கும். வெயிலில் காஸ் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். விபத்தில் குழாய் அறுந்தால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். கசிந்தாலும் காஸ் வண்டிக்கு வெளியே போக வழி வைத்திருப்பார்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அது அடுப்படியில் அசையாமல் நிற்கச் செய்யப்பட்டது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையில் தேங்கும், ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, சிலிண்டரைக் கவிழ்த்து மோட்டார் வைத்து வண்டிக்கு ஏற்றும் பட்டறைகள். பெரிய காஞ்சிபுரத்தின் உள் தெருக்களில் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டியே இருக்கும். உள்ளே தறி, பட்டு நூல், குழந்தைகள். அங்கே ஒரு கொட்டகையில் காஸ் ஏற்றுபவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. வீட்டு உபயோக காஸை வாகனத்துக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனை உண்டு. காவல் நிலையத்திலோ வட்ட வழங்கல் அலுவலரிடமோ புகார் கொடுக்கலாம். தெருவாசிகள் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

நேர்வழி கடினமானதல்ல. அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட், அது உங்கள் மாடலுக்கும் பொருந்துவது, அனுமதி பெற்ற பட்டறை. பொருத்தியபின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். சி.என்.ஜி. என்றால் சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் உருளை அது. சோதனைக் கெடு தாண்டிய உருளையோடு குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள்.

வேகத்துக்காக நைட்ரஸ் பாட்டில் வைக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் இதே சட்டம்தான். நைட்ரஸ் தானாக எரிவதில்லை. இன்ஜின் சூட்டில் பிரிந்து ஆக்ஸிஜனைத் தருகிறது. கூடுதல் ஆக்ஸிஜனுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதற்குத்தான் தனி டேங்க், தனி பம்ப், தனிக் குழாய் எல்லாம். அந்தப் பம்ப் ஒரு நொடி தடுமாறினால் பிஸ்டன் உருகிவிடும், பெட்ரோல் குழாய் கசிந்தால் காரே எரியும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தவுடன் நைட்ரஸைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் எந்தப் பந்தயக்காரரும் இதைத் தொடமாட்டார். பந்தயம்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த தடம் இருக்கிறது. தீயணைப்பும் ஆம்புலன்சும் தயாராக நிற்கும் அப்படிப்பட்ட இடத்தில், போட்டி விதி அனுமதிப்பதை மட்டும் செய்யுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலை அதற்கான இடமில்லை.

ஆர்.சி.யில் ஏறாத காஸ் கிட் உள்ள பழைய காரைத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு எரிபொருள் வகையைப் பாருங்கள். டிக்கியில் சிலிண்டர், செயலியில் வெறும் பெட்ரோல் என்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களா? பில், விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கார் வியாபாரியோ பட்டறையோ ஏமாற்றியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. விற்றவர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம்.

முறையாகப் பொருத்திய காஸ் கிட்டை இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஏற்றுங்கள். மறைத்தால், வண்டி எரிந்த அன்று இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

வண்டிக்குள் காஸ் நாற்றம் வந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். எல்லோரையும் இறக்கிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். மீண்டும் சாவியைத் திருக வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம். தூரமாகப் போய் நின்று 112-ஐ அழையுங்கள்.