மின்சார மோட்டார்களுக்குச் சர்வதேச விதிகள் ஏற்படும் விதம்

ஏற்றமும் கவலையும் மறைந்து, மின்சார மோட்டாரைக் கொண்டு நீரிறைப்பது நமது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் மோட்டார் வாங்கும் விவசாயிகளிற் பலர், விலையையும், "இத்தனை குதிரைச் சக்தி" என்று விற்பவர் கூறும் வார்த்தையையும் கேட்டுத் திருப்தியடைகின்றனரேயன்றி, அதன்மீது பதித்துள்ள தகட்டைப் படிப்பதில்லை. அத்தகட்டிலுள்ள எழுத்துக்களும் எண்களும், பல நாட்டினர் கூடி வாதித்து வகுத்த விதிகளின் சுருக்கமாகும். அவ்விதிகள் எவ்வாறு ஏற்படுகின்றன என்பதையும், அவற்றில் நமக்குள்ள பாத்தியதை யாது என்பதையும் இங்கு விவரிப்போம்.

விதிகள் எதற்கு?

நெல்லை அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டால் வியாபாரம் எவ்வாறு நேர்மையாக நடைபெறாதோ, அவ்வாறே மோட்டாரின் சக்தியை அளக்கும் முறை வேறுபட்டால் "5 குதிரைச் சக்தி" என்பதற்குப் பொருளே இல்லாமற் போகும். மோட்டார் அச்சக்தியைச் சிறிது நேரம் தருமா, நாள் முழுவதும் தருமா, அப்போது அதன் காயில் எவ்வளவு சூடேறலாம் என்பவற்றை முன்னரே நிர்ணயித்தல் அவசியம்.

இத்தேவையை உணர்ந்தே, 1904-ம் வருஷம் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் கூடிய மின்சார மகாநாடு, யந்திரங்களின் பெயர்களையும் சக்திக் குறிப்புகளையும் ஒருமைப்படுத்த ஒரு பிரதிநிதி சபை வேண்டுமெனத் தீர்மானித்தது. க்ராம்ப்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலாரின் முயற்சியால், 1906-ல் லண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு தோன்றிற்று. லார்டு கெல்வின் அதன் முதல் தலைவர். 1948-ல் அதன் காரியாலயம் ஜெனீவா நகருக்கு மாற்றப்பட்டது.

ஆரம்ப காலத்திலேயே இக்குழு செய்த வேலைக்கு ஓர் உதாரணம் கூறலாம். செம்புக் கம்பி எவ்வளவு சுத்தமானது என்பதை ஒப்பிட 1913-ல் ஓர் அளவு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் கனமும் உள்ள செம்புக் கம்பி, 20 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் 58-ல் ஒரு பங்கு ஓம் தடை கொண்டிருத்தல் வேண்டும் என்பதே அது. இன்றும் கம்பியின் தரத்தை அதனோடு ஒப்பிட்டே சதவீதமாகக் குறிக்கின்றனர்.

விதி பிறக்கும் படிகள்

இக்குழுவில் நாட்டுக்கு ஒரு தேசியக் கமிட்டி உண்டு. நமது நாட்டுக் கமிட்டி, புது டில்லியிலுள்ள இந்திய தர நிர்ணய அமைவனத்தைச் சேர்ந்தது. பொருள்தோறும் தனித்தனித் தொழில்நுட்பக் கமிட்டிகள் உள்ளன. சுழலும் யந்திரங்களாகிய மோட்டார்களைக் கவனிப்பது இரண்டாம் எண் கமிட்டியாகும்.

முதற்படியில், ஒரு நாட்டின் கமிட்டியோ பிறரோ புதிய விதி வேண்டுமென யோசனை அனுப்புவர். வேலையில் முழுப் பங்கு கொள்ளும் அங்கத்தின நாடுகள் அதனை ஆதரிப்பதோடு, குறைந்தது நான்கைந்து நாடுகளாவது நிபுணர்களை அனுப்ப இசைதல் வேண்டும். வெறும் சம்மதம் போதாது. உழைக்க ஆளும் தரவேண்டும் என்பதே இதன் கருத்து.

இரண்டாவதாக, நிபுணர்கள் கூடி நகல் எழுதுவர். மூன்றாவதாக, அந்நகல் எல்லாத் தேசியக் கமிட்டிகளுக்கும் அனுப்பப்பட்டு, ஆட்சேபங்கள் எழுத்து மூலம் பெறப்படும். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் விடை கூறப்படுதல் முறை.

நான்காவதாக, திருத்திய நகல் 12 வார காலம் வாக்குக்கு விடப்படும். ஒரு நாட்டுக்கு ஒரே வாக்கு. பெரிய நாடு, சிறிய நாடு என்ற பேதமில்லை. முழுப் பங்கு கொள்ளும் நாடுகளின் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு சாதகமாக இருத்தல் வேண்டும்; அன்றியும், எதிர்வாக்குகள் மொத்தத்தில் கால் பங்குக்கு மேற்படலாகாது. உதாரணமாக, அத்தகைய 30 நாடுகள் மட்டும் வாக்களித்து 22 நாடுகள் சாதகமாகவும் 8 நாடுகள் எதிராகவும் இருப்பின், முதல் நிபந்தனை நிறைவேறினும் இரண்டாவது நிறைவேறாமையால் நகல் தோல்வியுறும். பலமான சிறுபான்மையைப் புறக்கணித்து விதி செய்தல் கூடாதென்பதற்கே இவ்வேற்பாடு.

ஐந்தாவதாக, இறுதி நகல் 6 வார காலம் மறுபடியும் வாக்குக்கு வரும். முந்திய படியிலேயே மாறுதலின்றி நிறைவேறிய நகலுக்கு இப்படி சில சமயம் விடப்படுவதுண்டு. அதன் பின்னரே விதி பிரசுரமாகும். இவை யாவும் முடிய ஏறக்குறைய மூன்று வருஷமாகலாம்.

விதிக்குச் சட்ட பலம் உண்டா?

இவ்விதிகள் தாமாகவே சட்டமாவதில்லை. ஒரு நாடு ஏற்றுத் தன் விதியாக்கி, அதன் சர்க்கார் கட்டாயப்படுத்தினாலன்றி அவற்றை மீறுதல் குற்றமாகாது. உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி பிளக்கு வேண்டுமென 1986-ல் இக்குழு ஒரு விதி பிரசுரித்தது. பிரேஸிலும் தென் ஆப்பிரிக்காவுமே அதனைத் தழுவித் தமது விதிகளை அமைத்துக்கொண்டன. வீடுதோறும் வேறு மாதிரிகள் பதிக்கப்பட்டுவிட்ட பின்னர் மாற்றுவது அரிதாயிற்று.

நமது கிணற்றுக்கு ஏற்ற மாறுதல்

சர்வதேச விதியை ஒரு நாடு தன் நிலைமைக்கேற்ப மாற்றியும் கொள்ளலாம். மோட்டார்களைப் பற்றிய பொதுவான சர்வதேச விதி, சுற்றுப்புற உஷ்ணம் 40 டிகிரிக்கு மேற்படாதென்றும், மின் அழுத்தம் சாதாரணமாக 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாதென்றும் கொள்கின்றது. கிராமத்து லைனின் கடைக்கோடியில் உள்ள கிணற்றில் இது நடவாத காரியம். எனவே, விவசாய பம்புகளின் மோட்டாருக்குரிய இந்திய விதிகள், 6 சதவீத ஏற்றத்தையும் 15 சதவீத இறக்கத்தையும் மோட்டார் தாங்கவேண்டுமென்கின்றன. அதாவது, 415 வோல்ட் மோட்டார் சுமார் 353 வோல்ட் வரை வேலை செய்தல் வேண்டும். அழுத்தம் அதற்கும் குறைந்தால், அதே பளுவை இழுக்க மோட்டார் அதிகக் கரண்டை வாங்கிச் சூடேறி, காயில் எரிந்துபோகும். பயிர் வாடும் கோடையிலேயே இது பெரிதும் நிகழ்வதால், காயில் கட்டும் செலவைவிட அந்த நாட்களில் தண்ணீரின்றிப் போகும் மகசூலே பெருநஷ்டமாகும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கமிட்டிகளில் அமரும் நிபுணர்களிற் பெரும்பாலோர், யந்திரம் செய்வோரும், பரிசோதனைச் சாலையினரும், மின்சார ஸ்தாபனத்தாருமேயாவர். யந்திரத்தை உபயோகிக்கும் விவசாயியின் குரல் அங்கே அருகியே கேட்கும். அவன் சொல்லாத கஷ்டம் விதியில் இடம் பெறாது. ஆனால் வழி அடைபட்டிருக்கவில்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் தன் நகல்களைப் பொதுஜன அபிப்பிராயத்துக்காக வெளியிடுகின்றது. எவரும் ஆட்சேபம் அனுப்பலாம்.

விவசாயிகளும் உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

1. மோட்டார் வாங்கும்போது தகட்டில் குதிரைச் சக்தி அல்லது கிலோவாட், வோல்ட், ஐ.எஸ். எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவை உள்ளனவா என்று பார்த்து வாங்குக.

2. "ஐ.பி." என்ற எழுத்துக்களையடுத்துள்ள முதல் எண் தூசியையும், இரண்டாவது எண் நீரையும் தடுக்கும் திறனைக் காட்டும். 44 என்பது நீர்த்துளி தெறிப்பதையும், 55 என்பது பீய்ச்சும் நீரையும் தாங்கும். "ஐ.இ." என்பதையடுத்த எண் உயர உயர மின்சாரம் வீணாவது குறையும். காயிலின் காப்பு "பி" ஆயின் 130 டிகிரியும், "எஃப்" ஆயின் 155 டிகிரியும் தாங்கும்.

3. மோட்டார் எரிந்தால், தேதி, அச்சமயம் இருந்த வோல்ட், குதிரைச் சக்தி, முன்னர் எத்தனை முறை காயில் கட்டப்பட்டது என்பவற்றைக் குறித்து வைத்தல் நலம்.

4. கிராம உத்தியோகஸ்தர்கள் இக்குறிப்புகளைத் திரட்டி, விவசாயிகள் சங்கத்தின் மூலம் மின்சார இலாகாவுக்கும், நகல் வெளியாகும் சமயத்தில் தர நிர்ணய அமைவனத்துக்கும் அனுப்பச் செய்வாராக.

"மோட்டார் நிற்பதில்லை" என்ற பொதுப்படையான புகாரைக் கமிட்டி கவனிக்க இயலாது. "இன்ன ஊரில், இன்ன மாதத்தில், இத்தனை கிணறுகளில் அழுத்தம் இவ்வளவுக்குக் குறைந்தது" என்று எழுதப்பட்ட கணக்கு, நிபுணர் சபையிலும் தள்ள முடியாத சாட்சியாக நிற்கும்.