ஒரு பெயர், இரு பானங்கள்

பெருவின் தலைநகர் லீமாவிலும் சிலியின் தலைநகர் சந்தியாகோவிலும் உல்லாசப் பயணிகள் முதலில் கேட்டுப் பருகும் கொக்டெயில் 'பிஸ்கோ சவர்' ஆகும். பெயர் ஒன்றாயினும் கிடைப்பவை இரு வேறு பானங்கள்.

பிஸ்கோ என்பது திராட்சையிலிருந்து வடிக்கப்படும் மதுசாரம். லீமாவில் அதனுடன் தேசிக்காய்ச் சாறு, சீனிப்பாகு, முட்டை வெள்ளைக்கரு என்பவற்றைச் சேர்த்து நுரை பொங்கக் குலுக்கி, மேலே சில துளி கசப்புச் சாரம் இடுவர். கொடித்தோடம்பழச் சாறு சேர்த்த வகையும் அங்கு பிரசித்தமானது. சிலியிலோ வெள்ளைக்கருவும் கசப்புச் சாரமும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மதுவைத் தொடாத எமது வாசகர்களுக்கு, ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், கறுவாவுடன் அவித்தெடுக்கும் 'சிச்சா மொராடா' பெருவில் தாராளமாகக் கிடைக்கிறது.

சுவை வேறுபாட்டோடு விடயம் முடிந்திருந்தால் நாம் இதனை எழுத வேண்டியிருந்திராது. பிஸ்கோ, பெருவின் துறைமுக நகரொன்றின் பெயர். ஆனால் 1931 இல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கிய சிலி, தனது உரிமையை வலுப்படுத்துவதற்காக 1936 இல் ஒரு கிராமத்தையே 'பிஸ்கோ எல்கி' எனப் பெயர் மாற்றியது. சாமர்த்தியம் சற்று மிகையானதே. எனினும் பெயரை இழப்பவர் ஏற்றுமதிச் சந்தையையும் இழப்பார். இரு நாடுகளிலும் திராட்சை பயிரிடுவோரின் சீவனோபாயம் அதில் தங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு 2022 இல் இலங்கை புவியியல் குறியீட்டைப் பெற்றதும் இத்தகைய காரணத்துக்காகவே.

வடித்தபின் நீர் கலப்பதைப் பெரு தடைசெய்கிறது, சிலி அனுமதிக்கிறது. சிலியின் போத்தல் பெருவுக்குள் பிஸ்கோ என்ற பெயரில் விற்கப்பட முடியாது.