"புறம்போக்கு" என்று திட்டுகிறவரா நீங்கள்? எண்ணூரில் பிறந்த பாட்டைக் கேளுங்கள்!

"டேய் புறம்போக்கு!"

பஸ்சில் காலை மிதித்தால் இந்தத் திட்டு. கைமாத்து வாங்கியவன் கண்ணில் படாமல் திரிந்தால் இந்தத் திட்டு. சென்னைவாசிகள் வாயில் தினமும் புழங்கும் வசவு இது.

இந்த வசவை வைத்து ஒரு கர்நாடக சங்கீதப் பாட்டு! அதுவும் ஏ.சி. போட்ட சபாவில் அல்ல. சேறும் சாம்பலும் கிடக்கிற ஆற்றங்கரையில்!

2017-ம் ஆண்டு ஜனவரியில் வெளியானது "சென்னை புறம்போக்குப் பாடல்". பாடியவர் பிரபல வித்துவான் டி.எம்.கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டுப் போட்டவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகை. ஆனால் பாஷை? அசல் மெட்ராஸ் பாஷை!

எண்ணூர் முகத்துவாரத்திலேயே படம் பிடித்து இன்டர்நெட்டில் வெளியிட்டார்கள். பாடுகிறவருக்குப் பின்னால் திரைச்சீலை இல்லை. அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் நின்றன.

பட்டா யார் பேரில்?

புறம்போக்கு என்றால் என்ன? தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்டால் சொல்லுவார். தனி ஆள் பேரில் பட்டா கிடையாது. ஆறு, ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாமே புறம்போக்குதான். ஊருக்கே பொது.

ஊர்ப்பொதுச் சொத்து எப்படி வசவு ஆச்சு? "எவன் பேர்லயும் இல்லையா? அப்ப குப்பையைக் கொட்டு, மண்ணைப் போட்டு மேடாக்கு" என்கிற நினைப்புதான். பாட்டு சட்டையைப் பிடித்துக் கேட்பதும் இதைத்தான்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம் எண்ணூர். இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற குப்பங்கள் அங்கே உண்டு. அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து படிந்து, படகு போன இடத்தில் ஆழம் குறைந்தது. வலையில் மீன் குறைவது மீனவர் கவலை. சரி, மழை வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்குப் போகும்? அது நம் எல்லார் வீட்டு வாசல் கவலை. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

குப்பத்தில் விழா

அந்த அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர்-ஆல்காட் குப்பம். எண்ணூர் பாட்டுக்கு முன்பே, 2015-ல், அங்கே ஒரு கலை விழா தொடங்கியது. கிருஷ்ணாவும் சுற்றுச்சூழலுக்காகப் போராடும் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து ஜனங்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், பறையாட்டம் எல்லாம் ஒரே மணலில். டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது. முன்வரிசை முதலில் வந்தவருக்கு! பின்னாளில் அதற்கு "சென்னை கலைத் தெரு விழா" என்று பெயர் மாறியது.

சாம்பல் கரைந்ததா?

"பாட்டுப் பாடினா சாம்பல் கரைஞ்சிடுமா, அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கரையவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் ஆற்றில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போயின. மீனவர்களே இறங்கி பக்கெட்டில் எண்ணெயை அள்ளினார்கள். உடம்பெல்லாம் பிசுபிசுப்பு.

ஆனால் ஒன்று. டிசம்பர் சீசனில் ராகத்துக்குத் தலையாட்டிவிட்டு, கேன்டீனில் தோசை சாப்பிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் காதிலும் எண்ணூர் பேர் விழுந்தது. முன்பு யார் சொன்னாலும் விழாத காது அது!

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகிறவர்களே! எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் சீட்டுக்கட்டைக் கீழே வையுங்கள். ரயில் பாலத்தில் தடதடக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்புங்கள். கீழே கிடக்கிற தண்ணீர்தான் அந்தப் புறம்போக்கு.