ஒரு சேர்வர் நின்றது. மற்றது ஏன் கைகொடுக்கவில்லை?

சொந்தக் கட்டடத்தில் இரண்டு மூன்று சேர்வர்களை இணைத்து, கணக்குகளையும் நோயாளர் பதிவுகளையும் மாணவர் விபரங்களையும் அவற்றில் இயக்கும் நிறுவனங்கள் எம்மிடையே பல உள்ளன. "ஒன்று பழுதானால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும்" என்ற உறுதிமொழியை நம்பித்தான் இவற்றுக்குப் பணம் செலவிடுகின்றோம். ஆனால் ஒருநாள் ஒரு சேர்வர் உண்மையாகவே நின்றுபோனால், மற்றதும் சேர்ந்து படுத்துவிடுகிறது. மருந்து வாங்க மக்கள் வரிசையில் நிற்க, பதிவேடு திறக்க மறுக்கிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் சரிபார்க்காமல் விட்ட சில விடயங்களே. திறந்த மூல மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸை உதாரணமாக வைத்து அவற்றைப் பார்ப்போம். இதில் ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. சேர்வர் விழுந்தால், அவை வேறொரு சேர்வரில் மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்.

முதலாவது, அந்த மெய்நிகர் கணினி எச்.ஏ. பட்டியலில் உள்ளதா? உருவாக்கியதும் அது தானாகச் சேர்ந்துவிடாது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, பெரும்பான்மை. ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு வாக்கு உண்டு. இரண்டு சேர்வர்களில் ஒன்று விழுந்தால் எஞ்சுவது இரண்டில் ஒரு வாக்கு. அது பெரும்பான்மை அல்ல. எனவே எஞ்சியது எதையும் ஆரம்பிக்காது. அதில் எச்.ஏ. கணினிகள் இயங்கிக்கொண்டிருந்தால், பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே மறுதொடக்கமும் செய்துகொள்ளும். "மற்றதும் சேர்ந்து படுத்தது" என்பதன் இரகசியம் இதுதான். மூன்றாவது சேர்வரோ, வாக்களிக்க மட்டும் ஒரு சிறிய கணினியோ இருந்தால் இது தீரும்.

இந்தக் கடுமை ஏன்? இரண்டு சேர்வர்கள் ஒரே மெய்நிகர் கணினியை ஒரே நேரத்தில் இயக்கி, ஒரே டிஸ்க்கில் எழுதினால் தரவு முழுவதும் சிதைந்துவிடும். அதனால்தான் விழுந்த சேர்வர் உண்மையாகவே நின்றுவிட்டது என்பது உறுதியாகும்வரை அமைப்பு காத்திருக்கிறது. இதற்குச் சுமார் இரண்டு நிமிடங்கள் செல்லலாம். பதறி இடையில் கைவைக்காதீர்கள்.

மூன்றாவது, டிஸ்க் எங்கே உள்ளது? விழுந்த சேர்வரின் உள்ளேயே இருந்தால் மற்றது எதை வைத்து ஆரம்பிக்கும்? எல்லாச் சேர்வர்களும் அணுகக்கூடிய பொதுச் சேமிப்பகம் தேவை. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பிரதி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் கடைசிப் பிரதிக்குப் பின் பதிந்தவை போய்விடும். நிறுவும்போது செருகிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அகற்ற மறந்தாலும், அது மற்ற சேர்வரில் இல்லாததால் கணினி ஆரம்பிக்காது.

நான்காவது, நினைவகம். 64 ஜிபி கொண்ட மூன்று சேர்வர்களிலும் 60 ஜிபி வீதம் நிரப்பியிருந்தால், ஒன்று விழும்போது அதன் சுமைக்கு இடமிருக்காது. ஒவ்வொன்றிலும் 40 ஜிபி அளவோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

ஐந்தாவது, வலையமைப்பு. சேர்வர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் கேபிளிலேயே இரவு பெக்கப்பும் ஓடினால், தாமதத்தால் தொடர்பு அறுந்ததாக எண்ணி நல்ல சேர்வர்களே மறுதொடக்கமாகலாம். இந்த விசாரிப்புக்குத் தனி வலையமைப்பு ஒதுக்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் மட்டும் உறைந்துபோனால் எச்.ஏ. அதை அறியாது. அடுத்து, இது பெக்கப்புக்கு மாற்றீடு அல்ல. அழிந்த கோப்பு எந்தச் சேர்வரில் திறந்தாலும் அழிந்ததே. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்குள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல் தரவுகளுக்குப் பெக்கப் இருக்கவில்லை. அரசுக்கே நேர்ந்த பாடம் எமக்கும் உரியது.

எனவே விடுமுறை நாளொன்றில், முதலில் பெக்கப் எடுத்து, ஊழியர்களுக்கு அறிவித்துவிட்டு, ஒரு சேர்வரின் மின் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். எது எழுந்தது, எது எழவில்லை, எவ்வளவு நேரம் சென்றது என்று எழுதிவையுங்கள். வரிசையில் மக்கள் நிற்கும் நாளில் குறையைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.